முதலாம் பிளாட்பாரத்து சல்யூட்

சகாயமாதா துணை

பாலக்கரை, திருச்சி
05.11.2023

அன்பு மருமகன் ஹவில்தார் பிரிட்டோவுக்கு உன் தாய்மாமன் அமிர்தராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உன் மனைவி பிரான்சி, உன் மகள் பெலிண்டா எல்லாரும் திடமாக இருக்கிறோம். நான் கொஞ்சம் கூடுதல் திடம். போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "இந்த வயசுல இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததே இல்லைங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நீ இருக்கும் மலையில் பனி எப்படி? காலுக்கு இரண்டு சாக்ஸ் போடு.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் இடத்தில் டவர் கிடையாது. வாரம் ஒரு முறை பட்டாளத்து லைனில் பிரான்சியோடு மூன்று நிமிடம் பேசுகிறாய். அதை நான் பிடுங்கிக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? மேலும் இந்தக் காலத்து போன்கள் சரியில்லை. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். உன் அத்தைகூட இப்போது வீட்டுக்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன மாதம் நீ லீவு முடிந்து ரயிலேறிய காட்சியைப் பற்றித்தான் இன்னும் இங்கே பேச்சு. நீ யூனிஃபார்மில், உன்னோடு வந்த இரண்டு சிப்பாய்களும் யூனிஃபார்மில். பயிற்சியிலிருந்து நேராக வந்த உன் தம்பி பிரவீன்ராஜ், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு லெப்டினன்ட்டாக வந்து நிற்கிறான். நீ பூட்ஸைத் தட்டி அவனுக்கு ஒரு சல்யூட் அடித்தாயே, முதலாம் பிளாட்பாரமே அதிர்ந்தது. அவன் பதறிப்போய் உன் கையை எட்டிப் பிடித்து இறக்கி, "அண்ணே, சும்மா இருங்க" என்று சிரித்தான். பார்த்தவர்களில் நாற்பது பேராவது கண்ணைத் துடைத்தார்கள். டீ விற்றவன் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை.

பிரவீன் சேர்ந்திருக்கும் டெரிடோரியல் ஆர்மி என்றால் என்ன என்று தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். பத்து மாதம் காலேஜில் பாடம் நடத்துவான், இரண்டு மாதம் பட்டாளத்துக்குப் போவான், நாட்டுக்கு அவசரம் என்றால் முழு நேரமும் போவான் என்று உள்ளபடி சொன்னால் யார் வாயைப் பிளக்கப்போகிறார்கள்? அதனால், "பெரிய சண்டைக்கென்றே அவனைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ரயில் கிளம்பும்போது நீ ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை? சாமான் ஏற்றும் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் முகம் பார்க்க ஆசையுள்ள மாமன்,
பி. அமிர்தராஜ்

*

களத்து முகவரி
02.12.2023

அன்புள்ள மாமாவுக்கு பிரிட்டோ எழுதுவது. உங்கள் கடிதம் பதினேழு நாளில் வந்தது. நான் நலம். இங்கே குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. சாக்ஸ் மூன்று போட்டிருக்கிறேன்.

அத்தை முணுமுணுக்கவில்லை மாமா. லீவில் வந்தபோது நானும் கவனித்தேன். காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பெலிண்டாவுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்திருப்பதாகப் பிரான்சி சொன்னாள். அவளைத் திட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நாட்கள் அவள் வயசுக்கு ரொம்பக் குறைவு.

மற்றவை ஒன்றும் இல்லை.

பணிவுடன்,
பிரிட்டோ

*

சகாயமாதா துணை

பாலக்கரை
21.12.2023

அன்பு மருமகனுக்கு மாமன் எழுதுவது. இங்கே யாருக்கும் தலைவலிகூட இல்லை. வாசலில் ஸ்டார் கட்டியாயிற்று. கோயிலில் கட்டியிருப்பதைவிட ஒரு சுற்றுப் பெரியது என்று பங்குச்சாமியார் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். உனக்கு இருமல் இருந்ததே, தேவலையா?

காதைப் பற்றி எழுதியிருந்தாய். என் காதுக்கு என்ன குறை? திருவெறும்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். எந்தத் துப்பாக்கி சுட்டாலும், சத்தத்தை வைத்தே அது என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன்.

அதை விடு. பிரான்சி சொன்ன செய்தியைக் கேட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. திருச்சியில் இருக்கும் டெரிடோரியல் ஆர்மி யூனிட்டுக்கு ரெகுலர் பட்டாளத்திலிருந்து இன்ஸ்ட்ரக்டர் கேட்டிருக்கிறார்களாம். உன் பேரும் பட்டியலில் இருக்கிறதாம். சம்மதம் என்று பிப்ரவரி இருபத்தொன்பதுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மே மாதம் முதல் பென்ஷன் வரைக்கும் மிச்சமிருக்கும் இரண்டு வருஷமும் சொந்த ஊரில். இருபது வருஷமாக உன் அம்மா கேட்ட வரம் இது. கேட்டுக் கேட்டு அவள் போயே சேர்ந்துவிட்டாள், இப்போது கிடைக்கிறது.

நான் அன்று சாயங்காலமே பாலக்கரை முழுக்கச் சொல்லிவிட்டேன். உனக்காக ஜெனரலே போன் பண்ணிக் கெஞ்சியதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் உங்களுக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

ஆனால் நேற்று பிரான்சி வந்து உட்கார்ந்தாள். உன் அத்தை தோண்டித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள்: "அவங்க கையெழுத்துப் போடலைங்க அத்தை. ஏன்னு கேட்டா, பாக்கலாம்ங்கிறாங்க. பாப்பா காலண்டர்ல மே மாசத்தை வட்டம் போட்டு வச்சிருக்கா. நான் அவகிட்ட என்னன்னு சொல்ல?"

என்னப்பா இது? தபால் பார்த்ததும் எழுது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக்கை அனுப்பினால் பனியில் கல்லாகிவிடும் என்பதால் உன் பங்கை நானே சாப்பிடுகிறேன்.

அன்பு மாமன்,
அமிர்தராஜ்

*

சகாயமாதா துணை

பாலக்கரை
16.01.2024

அன்பு மருமகனுக்கு. உன் பதில் வரவில்லை. தபாலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன். நாங்கள் நலம். உன் நலத்தை பிரான்சி சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

நான் படித்தது எட்டாவது என்றாலும் ஆளைப் படிக்கத் தெரிந்தவன். நீ ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த யூனிட்டில்தான் பிரவீனும் ஆபீசர். வருஷத்தில் இரண்டு மாதம் அவன் வந்து நிற்பான், நீ தினமும் காலையில் அவனுக்கு சல்யூட் அடிக்கவேண்டும். பதினொரு வயது சின்னவன், நீ தோளில் தூக்கித் திரிந்த பயல். உன் மனசு இடம் கொடுக்குமா? நீயே இரண்டு தடவை ஆபீசர் தேர்வுக்குப் போய், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கவலையே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கர்னல் இருக்கிறார். எனக்கு நெருக்கம். நான் போனால் அவர் வாசலுக்கே வந்து கூட்டிப்போவார். விவரம் கேட்டேன். அவர் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ரெகுலர் சோல்ஜர், ரிசர்வ் ஆபீசருக்கு சல்யூட் அடிக்கணும்னு அவசியமே இல்ல, அமிர்தராஜ். கண்ணால ஒரு பார்வை பார்த்தா போதும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். பக்கம் நம்பர்கூடச் சொன்னார், நூற்றுப் பதினெட்டு.

ஆகவே நீ தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். காலையில் தம்பியை ஒரு பார்வை பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெலிண்டாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
மாமன்

*

களத்து முகவரி
25.01.2024

அன்புள்ள மாமாவுக்கு. நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாதது என் தவறு.

உங்கள் கர்னலிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நூற்றுப் பதினெட்டாம் பக்கம் இருக்கும் புத்தகத்தை அவர் மூடி வைத்துவிடலாம். சல்யூட் ஆளுக்கு இல்லை மாமா. தோளில் இருக்கும் கமிஷனுக்கு, அதாவது ஆபீசர் பதவி நியமனத்துக்கு. அதை ரெகுலர் ஆபீசருக்கும் டெரிடோரியல் ஆர்மி ஆபீசருக்கும் ஒரே குடியரசுத் தலைவர்தான் கொடுக்கிறார். வருஷத்தில் இரண்டு மாதம் வந்தாலும் சரி, இரண்டு நாள் வந்தாலும் சரி, யூனிஃபார்மில் ஆபீசர் எதிரே வந்தால் நான் அடிக்கவேண்டும். அவர் என் தம்பியா, மாமனா என்று பார்க்கும் வேலை என் கைக்குக் கிடையாது. இதைத்தான் புதிதாகச் சேருகிற பையன்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொன்று. ஆபீசர் தேர்வை நான் உதறிவிட்டு வரவில்லை. இரண்டு முறையும் தேறவில்லை. கேட்கிறவர்களிடம் இனி அப்படியே சொல்லுங்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

தம்பிக்கு சல்யூட் அடிப்பது எனக்குக் குறை என்று நினைத்தீர்களே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. காரணம் அது இல்லை. அந்தப் படிவத்தைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள்.

பிரிட்டோ

*

பாலக்கரை
04.02.2024

அன்பு இளைய மருமகன் லெப்டினன்ட் பிரவீன்ராஜுக்கு மாமன் எழுதுவது. பாலக்கரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் ஒரு காவிரிதான் ஓடுகிறது, அதற்குத் தபாலா என்று சிரிக்காதே. போன ஞாயிறு நீ வந்து அரை மணி நேரம் முணுமுணுத்துவிட்டுப் போனாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்தில் இருந்தால் தெளிவு. நீயும் உன் மாடி வீட்டுக் கொசுக்களும் நலமா?

விஷயம் இதுதான். உன் அண்ணன் ஊருக்கு வரமாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால் சட்டம் பேசுகிறான். சட்டம் பேசுகிறவனுக்கு உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. என்னதான் சொன்னாலும், நீ அந்த யூனிட்டில் இருக்கும்வரை அவன் வரமாட்டான். இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

நீ நன்றாக யோசி. உனக்குக் காலேஜ் வேலை இருக்கிறது. அந்த நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? வெளியே நான் பார்த்துக்கொள்கிறேன். ராணுவ ரகசிய வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிடுவேன், ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். பிரான்சி நேற்று பெலிண்டாவின் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது நான் கூட்டிச் சொல்வதில்லை.

உன் மாமன்

*

ஸ்ரீரங்கம்
07.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு பிரவீன் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். மூன்று மாதமாக உங்களுக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

மாமா எல்லாம் எழுதியிருந்தார். நான் கமிஷனை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதம் எழுதி வைத்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. நான் அதை வாங்கியதே உங்களைப் பார்த்துத்தான். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் உங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன் நான். ஆனால் பெலிண்டாவின் அப்பா ஊருக்கு வருவதற்கு அந்தக் கமிஷன் தடை என்றால், எனக்கு அது வேண்டாம். என்னைப் படிக்கவைத்தவர் நீங்கள். நீங்கள் எனக்கு முன்னால் விறைத்து நிற்பதைத் தினமும் பார்க்க என்னாலும் முடியாது.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றே அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் தம்பி,
பிரவீன்

*

களத்து முகவரி
15.02.2024

தம்பி பிரவீனுக்கு. நலம். உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. ஊருக்கு லீவில் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்கும்.

எழுதி வைத்திருக்கும் அந்தக் கடிதத்தை முதலில் கிழித்துப் போடு.

லீவுக்கு வரும்போதும் போகும்போதும் நான் யூனிஃபார்மில் பயணம் செய்து நீ பார்த்திருக்கிறாயா? எப்போதும் சட்டை, பேன்ட்தான். அன்றைக்கு மட்டும் ஏன் போட்டேன்? நீ பயிற்சியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வருவாய் என்று பிரான்சி சொன்னாள். அதற்காகத்தான். முந்தின நாள் நானே இஸ்திரி போட்டேன். பூட்ஸை மூன்று முறை துடைத்தேன். பிரான்சி கேலி செய்தாள், "என்னங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று. நம் வீட்டிலிருந்து ஒருவன் ஆபீசராகியிருக்கிறான், அவனுக்கு வீட்டார் சார்பில் முதல் சல்யூட் நான் அடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்குக் கிடைக்காததைப் பற்றி அன்றைக்கு நினைக்கவே இல்லை.

நான் கையைத் தூக்கினேன். நீ அதைப் பிடித்துக் கீழே இறக்கினாய். சிரித்தாய். மாமா கை தட்டினார்.

என்னோடு வந்த நஸ்ருல்லாவும் வளவனும் நான் பயிற்சி கொடுத்த பையன்கள். நாக்பூர் வரை இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வளவன் கேட்டான், "சாப், தப்பா எடுத்துக்காதீங்க. டெரிடோரியல் ஆபீசருங்களுக்குத் திருப்பி அடிக்கச் சொல்லிக்கொடுக்க மாட்டாங்களா?" அவனை அதட்டி உட்காரவைத்தேன். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? சிப்பாய் அடிப்பது பாதிதான். ஆபீசர் திருப்பி அடித்தால்தான் அது முடியும். அன்றைக்கு என்னுடையது பாதியிலேயே நின்றுபோனது.

இப்போது அந்த யூனிட்டுக்கு நான் வந்தால் என்ன ஆகும்? தினமும் நான் அடிப்பேன். நீ கூச்சப்பட்டு நெளிவாய், இல்லையென்றால் சிரிப்பாய். முப்பது பேர் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் உன்னிடம் சிரிப்பார்கள். அண்ணனுக்குத் தம்பியாக மட்டுமே நிற்கத் தெரிந்தவன், அவர்களுக்கு ஆபீசராக நிற்கமுடியாது. உன் பெயர் அங்கே கெடுவதற்கு நான் காரணமாக இருக்கமாட்டேன். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. படிவம் என் பெட்டியில்தான் இருக்கிறது.

இதைப் பிரான்சியிடம் சொல்லமுடியவில்லை. மூன்று நிமிடத்தில் இதை எப்படிச் சொல்வது?

அண்ணன்,
பிரிட்டோ

*

சகாயமாதா துணை

பாலக்கரை
20.02.2024
விரைவுத் தபால்

மருமகன் பிரிட்டோவுக்கு மாமன் அமிர்தராஜ் எழுதுவது. எல்லாரும் நலம். என்னைத் தவிர.

நேற்று பிரவீன் உன் கடிதத்தோடு வந்தான். என் காதருகில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கும் கேட்டது. படித்து முடித்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவன் உன் கையைப் பிடித்தது அவனாகச் செய்ததில்லை. சொல்லிக்கொடுத்தது நான்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் முகாமிலிருந்து எனக்கு போன் பண்ணினான். போன் சத்தத்தை நான் முழுக்கக் கூட்டி வைத்திருந்ததால் உன் அத்தைக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. அவன் கேட்டான்: "மாமா, நாளைக்கு அண்ணன் யூனிஃபார்ம்ல வராங்களாம். எனக்கு சல்யூட் அடிச்சா நான் திருப்பி அடிக்கணும். பழகிக்கிட்டு இருக்கேன். அது சரிதானுங்களே?" அதற்கு நான் சொன்னேன்: "டேய், உன்னை வளர்த்த கைடா அது. அது உனக்கு முன்னால தூக்கிக்கிட்டு நின்னா உங்கம்மா ஆத்மா தாங்காது. தூக்குனா பட்டுனு புடிச்சு எறக்கிடு. நாலு பேர் பார்த்து மெச்சுவாங்க." அந்த நாலு பேருக்காகத்தான் சொன்னேன். மறுநாள் கதையாகச் சொல்ல எனக்கு ஒரு நல்ல காட்சி வேண்டியிருந்தது.

பிளாட்பாரத்தில் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. டீக்காரன் எல்லாரிடமும் காசு வாங்கினான், என்னிடமும். உன் முகம் ஒரு நொடி செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கை தட்டினேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கர்னல் யாரும் இல்லை. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற சுபேதார் அடைக்கலம். தடிப் புத்தகமும் இல்லை. நான் போய்க் கேட்டபோது அவர், "யோவ், இருபது வருஷம் சர்வீஸ் பண்ணுனவனுக்கு நீ சட்டம் சொல்லித்தரப் போறியா? எழுந்திரிச்சு போய்யா" என்றார். துப்பாக்கித் தொழிற்சாலையில் நான் இருந்தது கேண்டீனில். உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தில் ஒன்றையும் கூட்டவில்லை. உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கிறாள். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன்.

தப்பு என்னுடையது. அதற்குப் பெலிண்டா அப்பா இல்லாமல் இருக்கவேண்டாம்.

அமிர்தராஜ்

(இதே உறையில்)

அண்ணனுக்கு பிரவீன். மாமா சொன்னார் என்பதற்காக என்னை விட்டுவிடவேண்டாம். கை என்னுடையது. பயிற்சி வாங்கியவனும் நான்தான்.

நேற்று சுபேதார் அடைக்கலத்தைப் பார்க்கப் போனேன். எழுபத்திரண்டு வயது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று, "உட்காருங்க சார்" என்றார். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை, நான் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். "உங்க அண்ணன் உங்ககிட்ட மரியாதை கேக்கலைங்க சார். அவரு கொடுத்தாரு. நீங்க வாங்கிக்கலை" என்றார்.

வாருங்கள் அண்ணே. என் பயிற்சி ஜூன் மூன்றாம் தேதி தொடங்குகிறது. நீங்கள் அடியுங்கள். நான் திருப்பி அடிப்பேன். சிரிக்கமாட்டேன். அன்றைக்கு அழுகை வந்தாலும் கை இறங்கிய பிறகுதான்.

*

சகாயமாதா துணை

பாலக்கரை
09.06.2024

அன்பு மருமகன் பிரிட்டோவுக்கு, பயிற்சி முகாம் முகவரிக்கு மாமன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். என் காதில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறார்கள். உன் அத்தை இருபது வருஷமாக என்னைப் பற்றி என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. நீயும் தம்பியும் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்?

நீ மே மாதம் வந்து இறங்கியதிலிருந்து பிரான்சி சமையலில் உப்புக் கூடிவிட்டது. சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை நிதானம் இருக்காது. பெலிண்டா உன்னை முக்கொம்புக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, "எங்கப்பாவுக்கு ஊஞ்சல்ல ஒழுங்கா உக்காரத் தெரியலை தாத்தா" என்று தெரு முழுக்கச் சொல்கிறாள். இந்த விஷயத்தில் அவள் என் ரத்தம்.

எல்லாம் சரி. ஆனால் என் மேல் இரக்கமே இல்லாமல், பிரவீன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் யூனிட்டையே மலையடிவாரத்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் தேதி காலையில் என்ன நடந்தது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிரவீனுக்கு போன் பண்ணினால், "நடந்துச்சு மாமா" என்கிறான். நடந்துச்சு என்றால் என்ன அர்த்தம்? ஒரு வாரமாகப் பாலக்கரையில் எல்லாரும் கேட்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன். ஒரு வாரம்! நம்பமுடியாவிட்டால் உன் அத்தையைக் கேள்.

நடந்ததை நடந்தபடி எழுது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன்.

காத்திருக்கும் மாமன்,
அமிர்தராஜ்

*

பயிற்சி முகாம்
13.06.2024

அன்புள்ள மாமாவுக்கு பிரிட்டோ எழுதுவது. இருவரும் நலம். வெயில் அதிகம்தான், ஆனால் குழாயில் தண்ணீர் வருகிறது. காது மெஷினைக் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு அணிவகுப்பு மைதானத்தில் நான் முப்பத்திரண்டு பேரோடு நின்றேன். லெப்டினன்ட் பிரவீன்ராஜ் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான்கு அடி தூரத்தில் நின்றார். நான் குழுவை விறைப்பில் நிறுத்திவிட்டு, முன்னால் போய் சல்யூட் அடித்தேன். "முப்பத்திரண்டு பேர் ஆஜர், ஸ்ரீமான்" என்றேன். அணிவகுப்பில் சாருக்குப் பதில் ஸ்ரீமான்தான்.

அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். திருப்பி அடித்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகவே கையை இறக்காமல் வைத்திருந்தார். அவர் இறக்கிய பிறகுதான் நான் இறக்கலாம். அதனால் நானும் வைத்திருந்தேன். பிறகு இறக்கினார். "நன்றி, ஹவில்தார். தொடருங்கள்" என்றார். தொடர்ந்தோம்.

யாரும் அழவில்லை. பேண்டு வாசிக்கவில்லை. ஒரு காக்கை மட்டும் கொடிக்கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. வேண்டுமானால் அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவர் சாப்பிடுவது ஆபீசர்கள் மெஸ்ஸில், நான் எங்கள் பக்கத்தில். அதனால் பகலில் பேசிக்கொள்ள வாய்ப்பில்லை. அன்று சாயங்காலம் நான் ஸ்டோரில் துப்பாக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். வெளியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "அண்ணே, காலையில சரியா இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முழங்கை இரண்டு விரல் தாழ்ந்திருந்துச்சு, சார்" என்றேன்.

சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். முழங்கை சரியான உயரத்தில் இருந்தது.

பணிவுடன்,
பிரிட்டோ